லேக்: முறை உருட்டல்

பூல் ஆட்டத்தில் முதல் அடியை யார் அடிப்பது? இதைத் தீர்மானிக்க ஆட்டக்காரர்கள் இருவரும் மேசையின் ஒரே முனையில் நின்று, ஆளுக்கொரு பந்தை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எதிர்முனைக்கு அடிப்பார்கள். பந்து அங்கே குஷனில், அதாவது மேசை விளிம்பின் ரப்பர் தடுப்பில், முட்டித் திரும்பும். யாருடைய பந்து புறப்பட்ட பக்கத்துக் குஷனுக்கு அதிக நெருக்கத்தில் வந்து நிற்கிறதோ அவருக்கு வெற்றி. இந்த அடிக்குத்தான் லேக் என்று பெயர். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வென்றவரே பிரேக், அதாவது ஆட்டத்தின் முதல் அடி, அடிக்க வேண்டும் என்பதில்லை. யார் அடிப்பது என்று சொல்லும் உரிமைதான் அவருக்குக் கிடைக்கிறது.

இணைய ஆட்டம் திக்கித் திக்கி ஓடும்போது சொல்லும் லேக்தான் இப்போது எல்லோருக்கும் பழக்கம். அதனால் பூல் விதிகளைத் தமிழில் எழுதும்போதும் 'தாமதம்' என்ற சொல் எளிதாக நுழைந்துவிடும். அது தவறு. இந்த ஆட்டத்தில் யாரும் தாமதிப்பதில்லை. தாமதித்தால் அடியே செல்லாமல் போகலாம்.

ஆங்கிலத்தில் லேக் என்ற சொல்லுக்குப் பதினாறாம் நூற்றாண்டிலேயே 'கடைசி ஆள்' என்ற பொருள் இருந்தது. சிறுவர் விளையாட்டில் முறை எண்ணும்போது கடைசியாக வருபவரைக் குறிக்கவும் அது வழங்கியது. அமெரிக்காவில் கோலி ஆடுபவர்களும் இதே சொல்லைச் சொல்வார்கள். வட்டத்துக்கு அப்பால் ஒரு கோடு இருக்கும். அதை நோக்கிக் கோலியை விட்டு, கோட்டுக்கு மிக அருகில் நிறுத்துபவர் முதலில் ஆடுவார். பூல் மேசையில் நடப்பதும் இதுவேதான், கோட்டின் இடத்தில் குஷன் இருக்கிறது. இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ்காரர்கள் இதையே ஸ்ட்ரிங்கிங் என்பார்கள்.

விதியைச் சொல்ல மேசையின் இரு முனைகளுக்கும் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் தலை, கால் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்மிடம் கட்டிலுக்குச் சொல்லும் தலைமாடு, கால்மாடு இருக்கின்றன, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தலைமாட்டிலிருந்து மேசை நீளத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளிக் குறுக்கே போவது தலைக்கோடு. பந்தை அதற்குப் பின்னால் வைத்து அடிக்க வேண்டும். ஒன்பதடி மேசையில் ஆடுதளம் 100 அங்குல நீளம். பந்து கால்மாட்டுக்கு ஏறக்குறைய 75 அங்குலம் ஓடி, திரும்ப 100 அங்குலம் வர வேண்டும். நாலரை மீட்டருக்குச் சற்றே குறைவான இந்த ஓட்டத்தின் முடிவில், விரல் அகலம்கூட வெற்றி தோல்வியைத் தீர்த்துவிடும். துணி புதிதாக இருந்தால் பந்து எதிர்பார்த்ததைவிட நீள ஓடும். நல்ல ஆட்டக்காரர்கள் பந்தின் நடுவில், பக்கச் சுழல் கொடுக்காமல், மெல்லத் தள்ளிவிடுவதுபோல அடிப்பார்கள்.

பந்து கால்மாட்டுக் குஷனை ஒரே ஒரு முறைதான் தொட வேண்டும். பக்கக் குஷனைத் தொட்டாலோ, மேசையின் நடுநீளக் கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போனாலோ, குழியில் விழுந்தாலோ, மேசையை விட்டு வெளியே போனாலோ அந்த அடியால் வெல்ல முடியாது. தலைமாட்டுக் குஷனில் முட்டி நிற்பது தவறில்லை. ஒருவர் பந்து கால்மாட்டைத் தொட்ட பிறகு மற்றவர் அடித்தால், இருவர் அடியும் செல்லாமல் போனால், அல்லது எது நெருக்கம் என்று நடுவரால் சொல்ல முடியாவிட்டால், மறுபடி அடிக்க வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், நைன் பால் என்ற பூல் வகையில் பிரேக் அடித்தவர் எதிராளியை மேசைக்கு வரவே விடாமல் ஆட்டத்தை முடித்துவிட முடியும். அதனால் அங்கே வென்றவர் பொதுவாகப் பிரேக்கைத் தானே எடுத்துக்கொள்வார். ஸ்ட்ரெய்ட் பூல் என்ற இன்னொரு வகையிலோ இது தலைகீழ். அங்கே தொடக்க அடியில், முன்கூட்டியே சொன்ன பந்து குழியில் விழாவிட்டால், வெள்ளைப் பந்தோடு இன்னும் இரண்டு பந்துகளாவது குஷனைத் தொட வேண்டும். தவறினால் இரண்டு புள்ளி போகும். அடுக்கி வைத்த பந்துகளைக் கலைத்தால் எதிராளிக்கு வாய்ப்பு. ஆகவே வென்றவர் எதிராளியையே அடிக்கச் சொல்வார்.

லேக்குக்கு டாஸ் என்ற சொல்லும் பொருந்தாது. பூவா தலையாவில் கைத்திறனுக்கு இடமில்லை. ஸ்னூக்கரில் நாணயம் சுண்டுவது போதும். பூல் போட்டிகளில் முதல் உரிமையைப் பந்தடித்தே சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவே.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் 'முறை உருட்டல்'. 'இப்போ என் முறை' என்று நாம் சொல்லும் அதே முறை. 'உருட்டு' என்று சுருக்கினால் இன்றைய பேச்சில் கதைவிடுவதாகப் பொருள்பட்டுவிடும். 'உருட்டல்' என்றே வைத்துக்கொள்ளலாம். 'முறை உருட்டலில் வென்றவர் பிரேக்கை எதிராளிக்கு விட்டுக்கொடுத்தார்' என்று எழுதினால் ஆட்டம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் புரியும். பிரேக் என்பதை அப்படியே விட்டுவிடலாம். கேரம் ஆடிய எல்லோருக்கும் அது தெரிந்த சொல்.