ஐயாயிரம் சொற்கள் தெரியும், ஒன்றுக்கும் வேலை தெரியாது

போன வாரம் ஒரு வணிகவியல் பட்டதாரி என் பயிற்சி வகுப்புக்கு வந்தான். ஒரு நேர்முகத் தேர்வில் தோற்றுவிட்டு நேராக அங்கிருந்தே வந்திருந்தான். உன்னைப் பற்றிக் கேட்டபோது என்ன சொன்னாய் என்று விசாரித்தேன்.

“ஐ ஆம் வெரி கான்ஃபிடன்ஸ். ஐ ஒர்க் ஹார்ட்லி. ஐ வில் சக்சஸ்.”

மூன்று வாக்கியம், மூன்றிலும் பிழை. நடு வாக்கியத்தைக் கேட்டுத் தேர்வாளர் சிரித்துவிட்டாராம். ஏன் சிரித்தார் என்பது என்னிடம் வரும்வரை இவனுக்கு விளங்கவில்லை. “நான் வேலையே செய்வதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய், தம்பி” என்றேன். ஹார்ட் என்றால் கடினமாக. ஹார்ட்லி என்றால் அரிதாக, இல்லை என்று சொல்லும் அளவுக்கு.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல்வகைகள், தெரியுமா என்று கேட்டேன். எட்டையும் விளக்கத்தோடு மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பையிலிருந்து ஒரு தடித்த நோட்டையும் எடுத்துக் காட்டினான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், ஐயாயிரம் சொற்கள். வாட்சாப்பில் வந்த பட்டியலை இரவு பகலாக உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறான். அந்த உழைப்பைப் பார்த்ததும் கோபம் போய் வருத்தம் வந்துவிட்டது. கான்ஃபிடன்ஸ், நம்பிக்கை. சக்சஸ், வெற்றி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல் வாக்கியத்தில் எந்த நாற்காலியில் உட்காரும் என்பது மட்டும் எங்கும் இல்லை.

பதினெட்டு ஆண்டுகளாக இதே நோட்டைத்தான் வேறு வேறு கைகளில் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நவுன் எது, வெர்ப் எது என்றெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை; அது எல்லோருக்கும் தெரியும். என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறவியிலேயே ஒரு சாதிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பு. “சார், ரவுண்ட் என்பது என்ன பார்ட் ஆஃப் ஸ்பீச்?” என்று தனிச் சொல்லை நீட்டிக் கேட்கிறார்கள். வினாத்தாளிலும் அப்படியே கேட்கிறார்கள். இதற்கு விடையே கிடையாது. ரவுண்ட் டேபிள் என்றால் அது பெயரடை. ஃபர்ஸ்ட் ரவுண்ட் என்றால் பெயர். கார் தெருமுனையை வளைந்து கடந்தால், தி கார் ரவுண்டட் தி கார்னர், அங்கே வினை. கடை தெருமுனைக்கு அப்பால் இருந்தால், தி ஷாப் ஈஸ் ரவுண்ட் தி கார்னர், அங்கே ப்ரெபொசிஷன், அதாவது முன்னிடைச்சொல். திரும்பிப் பார் என்பதற்கு டர்ன் ரவுண்ட் என்றால் வினையடை. ஒரே சொல், ஐந்து வேலை. வாக்கியத்தைக் காட்டாமல் வகையைக் கேட்பது, ஆளைக் காட்டாமல் சட்டை அளவு கேட்பது போல.

இது ஆங்கிலத்தின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். படியில் உட்கார்ந்து படி, அம்மா சொன்னபடி ஒரு படி அரிசி அளந்து போடு. இந்த வாக்கியத்தில் எந்தக் குழந்தையாவது தடுமாறுமா? ஓட்டின் மேல் ஓடாதே என்றால் எது கூரை, எது கால் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் பெரும்பாலும் உருபும் விகுதியும் காட்டிக்கொடுத்துவிடும். நாய் பாம்பைக் கடித்தது, பாம்பை நாய் கடித்தது, எப்படி மாற்றிப் போட்டாலும் கடித்தது நாய்தான். ஆங்கிலத்தில் இடம் மாறினால் கடித்தவர் மாறிவிடுவார். அங்கே சொல்லின் வேலையைப் பெரும்பாலும் இடம் சொல்கிறது. வெரி என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள இடம் கான்ஃபிடன்ட் உட்காரும் இடம். கான்ஃபிடன்ஸ் அங்கே உட்கார முடியாது. ஐ வில் என்பதற்குப் பின்னால் வினை வேண்டும்: சக்சீட். சக்சஸ் என்பது பெயர்.

இப்போது என் முதன்மையான புகாருக்கு வருகிறேன். தமிழ்ப் பொருளை வைத்து ஆங்கிலச் சொல்லின் வகையை முடிவு செய்யாதீர்கள். பசிக்கிறது என்பது நமக்கு வினை. ஹங்க்ரி அவர்களுக்குப் பெயரடை. அதனால்தான் ‘ஐ ஹங்க்ரி’ என்கிறார்கள். பயப்படுகிறேன் வினை, அஃப்ரெய்ட் பெயரடை. ‘ஐ அஃப்ரெய்ட்’ என்று எழுதுகிறார்கள், நடுவில் வர வேண்டிய ‘ஆம்’ (am) விழுந்துவிடுகிறது. எதிர்த் திசையிலும் வண்டி கவிழும். எனக்குச் சம்மதம் என்பதில் சம்மதம் பெயர், அக்ரீ வினை. ஆகவே ‘ஐ ஆம் அக்ரீ’. திருத்தினால் மறுபடியும் வரும், ஏனென்றால் பிழை ஆங்கிலத்தில் இல்லை, நோட்டின் வலப்பக்கத்தில் இருக்கிறது. அறிவுரைகள் என்று நாம் பன்மையில் சொல்கிறோம்; அட்வைஸ் எண்ண முடியாத பெயர், அட்வைசஸ் என்று எழுதினால் மதிப்பெண் போகும். ஃபர்னிச்சர்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ் இரண்டும் அதே ரகம்.

‘டிஸ்கஸ் அபௌட்’ பற்றி ஒரு வார்த்தை. இதை அடித்துத் திருத்தியே என் சிவப்புப் பேனாக்கள் பாதி தீர்ந்திருக்கின்றன. அது பிழை என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. டிஸ்கஷன் என்ற பெயருக்கு அபௌட் வரலாம். டிஸ்கஸ் என்ற வினை அபௌட்டைக் கேட்காது, நேராகப் பொருளைப் பிடிக்கும். ரிக்வெஸ்டும் இப்படித்தான்: எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் என்று பெயராக எழுதலாம், ஐ ரிக்வெஸ்ட் லீவ் என்று வினையாக எழுதும்போது ஃபார் கூடாது. வகை மாறினால் கூட்டாளியும் மாறுவான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் நூறு தனித்தனி விதிகள் தேவையில்லை.

உச்சரிப்பும் மாறும். பெயராக இருந்தால் ரெக்கார்ட், அழுத்தம் முதல் அசையில். வினையாக இருந்தால் ரிக்கார்ட், அழுத்தம் இரண்டாவதில். பெர்மிட், ஆப்ஜெக்ட், ப்ரெசன்ட் எல்லாவற்றுக்கும் இதே கதை.

அப்புறம் அந்த எட்டு. பெற்றோர் சிலர் என்னிடம் சண்டைக்கே வருவார்கள்: “எங்கள் காலத்தில் எட்டு சார், இப்போதைய புத்தகத்தில் ஒன்பது என்று போட்டிருக்கிறார்களே!” எட்டு என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு இருந்தது, ஆனால் அதில் பெயரடை தனி வகையே இல்லை, பெயருக்குள் அடங்கியிருந்தது. லத்தீனில் ஏ, தி போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்ஷனை, அதாவது வியப்புச்சொல்லை, தனியாக நிறுத்தி எட்டைக் காப்பாற்றினார்கள். அந்தப் பட்டியலைத்தான் ஆங்கிலப் பள்ளிப் புத்தகங்கள் கொஞ்சம் தட்டி நிமிர்த்தி வைத்துக்கொண்டன. இப்போது தி, திஸ், சம் போன்றவற்றை டிட்டர்மினர் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். நம் தொல்காப்பியமோ பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு முடித்துக்கொண்டது. எட்டா ஒன்பதா என்று உங்கள் பிள்ளையை வதைக்காதீர்கள். வாக்கியத்தில் அடுத்து எந்த வகை வரும் என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? வாட்சாப் பட்டியலை இன்றே அழியுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் வேண்டாம், ஐந்து போதும். ஆனால் ஒவ்வொன்றையும் குடும்பத்தோடு எழுதுங்கள்: சக்சஸ், சக்சீட், சக்சஸ்ஃபுல், சக்சஸ்ஃபுல்லி. பக்கத்தில் வகை, அதன் கீழே நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சாய்ந்த எழுத்தில் அதன் வகை போட்டிருக்கும். பொருளுக்குத் தாவும் அவசரத்தில் அதைத்தான் எல்லோரும் விடுகிறீர்கள். முதலில் அதைப் படியுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஆக்ஸ்ஃபோர்ட் 3000 என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வகை போட்டே இருக்கிறது. லி என்று முடிந்தால் வினையடை என்ற குறுக்குவழியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஃப்ரெண்ட்லியும் லவ்லியும் பெயரடைகள். லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் அண்மைக் காலமாக.

ஆசிரியர் நண்பர்களே, உங்களிடம் கோபமில்லை, வேண்டுகோள்தான். விளக்கத்தை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக ஒரு சொல்லைக் கொடுத்து மூன்று வேலைகளில் பயன்படுத்தச் சொல்லுங்கள். திருத்துவதற்கு நேரமாகும், எனக்கும் ஆகிறது.

அந்தப் பையன் நேற்று இரவு புதிய விண்ணப்பக் கடிதத்தை அனுப்பியிருந்தான். கான்ஃபிடன்ட் சரியாக இருந்தது. ஒர்க் ஹார்ட் சரியாக இருந்தது. சக்சீட்கூட வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு கடைசி வரிக்குப் போனேன்: ‘ஐ லேர்ன் ஃபாஸ்ட்லி.’

ஃபாஸ்ட்லி என்றொரு சொல் இன்றைய ஆங்கிலத்தில் வழக்கிலேயே இல்லை, தம்பி. நாளைக்குக் காலையில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா.