ஏழு மணி வெடியும் பதினொரு மணி வெடியும்

தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்ற கட்டுப்பாடு 2018இல் வந்தது. எல்லோரும் புகையைப் பற்றித்தான் பேசினார்கள். என்னைப் போன்ற கால்நடை மருத்துவருக்கு அதில் இன்னொரு லாபம் உண்டு: சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால், மருந்தை நேரம் பார்த்துக் கொடுக்கலாம்.

ஆனால் எங்கள் சேலத்தில், அஸ்தம்பட்டியிலும் கன்னங்குறிச்சியிலும் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? நாலு நாள் முன்னாடியே ஆரம்பித்துவிடும். ஏழு மணிச் சரவெடியைக்கூடச் சமாளித்துவிடலாம். இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஒற்றையாய் வெடிக்கிற அணுகுண்டுதான் மோசம். மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு 45,000க்கும் மேல் கேட்கும். தூரத்துச் சத்தமும் தப்பாது.

பயந்த நாய் குரைக்கும் என்று நினைக்கிறோம். பல நாய்கள் குரைப்பதில்லை. வெயிலே இல்லாமல் மூச்சிரைக்கும், கொட்டாவி விடும், எச்சில் ஒழுகும், பாத்ரூம் மூலையில் போய் ஒடுங்கும். பாதம் வியர்க்கும், எங்கள் ஸ்டீல் மேஜையில் நாலு ஈரத் தடம் தெரியும். பூனை சாப்பிடாது, அவ்வளவுதான் வெளியே தெரியும்.

தன் லாப்ரடாரைக் கூட்டிவரும் ஒருவர் 1999இல் கார்கிலில் இருந்தவர். அந்த ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் உள்ளங்கை இப்படித்தாங்க டாக்டர் வேர்க்கும்" என்றார். "சத்தம்கூடப் பரவாயில்லைங்க. எந்தப் பக்கமிருந்து எப்ப வரும்னு தெரியாததுதான் தாங்கல."

மனநலம் என் துறை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்லலாம்: 'இது பட்டாசு' என்று புத்தி சொல்வதற்குள் உடம்பு ஆபத்துக்குத் தயாராகிவிடுகிறது. "எல்லைக்கே போனவர், இதுக்குப் போயா?" என்று கேட்பவர்களுக்கு இது புரிவதில்லை. படையிலிருந்து வந்த எல்லோருக்கும் இப்படி இருக்காது. இருப்பவர்களுக்குச் சிகிச்சை உண்டு. முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற அரசின் இலவச மனநல எண் இருக்கிறது. அந்த லாப்ரடார்காரர் கண்டுபிடித்த வழி எளிது. தெருப் பையன்களிடம், "வைக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்கடா தம்பி" என்று சொல்லிவைத்திருக்கிறார். அவர்களும் கொடுக்கிறார்கள்.

நாயிடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். மடிக்கு வந்தால் தடவிக்கொடுங்கள். செல்லம் கொடுத்தால் பயம் கூடும் என்பது சும்மா பேச்சு. கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும், மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடுவது நடக்கிறதுதான்.

"தூங்க வைக்க ஒரு ஊசி போடுங்க" என்று கேட்காதீர்கள். அசிப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். வீட்டிலிருக்கிற மனித மாத்திரையும் வேண்டாம். பூனைக்குப் பாராசிட்டமால் உயிருக்கே ஆபத்து. பயத்தைக் குறைக்கும் மருந்துகள் தனியாக உண்டு, வெடி தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டியவை. ஒரு வாரம் முன்னாடியே வாருங்கள். எடை பார்த்து, சத்தமில்லாத ஒரு நாளில் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் வந்தால் அதற்கு நேரமிருக்காது.