ஏழு ரவுண்டில் 128 பேரை எடைபோடுவது எப்படி?

"அண்ணே, எம் பய ஆறு மாசமாத்தான் கத்துக்கிறான். முத ரவுண்டுலயே முத மேசையில கொண்டுபோயி உக்கார வச்சுட்டீங்களே, இது நியாயமா?"

உசிலம்பட்டியில் விடிகாலை பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி வந்த அப்பா கேட்டார். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறு. மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி. யார் யாரோடு மோத வேண்டும் என்று சுவரில் ஒட்டிய பேரிங் தாளைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவர்களுக்கு ஒத்தாசையாக நின்ற எனக்கு அவர் ஆதங்கம் புரிந்தது. பையனுக்குப் பத்து வயது. எதிரில் உட்காரப்போவது அன்றைய போட்டியிலேயே அதிக ரேட்டிங், அதாவது ஆடிய ஆட்டங்களை வைத்துப் போடும் பல மதிப்பெண், உள்ளவர். ஆனால் அந்த ஜோடியை யாரும் ஆள் பார்த்துப் போடவில்லை, அது ஒரு கணக்கு. அன்றைய நெரிசலில் அவருக்கு நிதானமாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

வசதிக்கு, ஆட வந்தவர்கள் 128 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 8,128 ஆட்டம், 127 ரவுண்டு. ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல் என்று கடிகாரம் வைத்தால், 60 நகர்த்தல் போகும் ஒரு ஆட்டம் 40 நிமிடம் பிடிக்கும். 127 ரவுண்டு முடிய மூன்றரை நாள் கண் மூடாமல் ஆட வேண்டும். மண்டபமோ ஒரு நாளைக்குத்தான். சரி, நாக்-அவுட் வைக்கலாமா? 127 ஆட்டத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் முதல் ரவுண்டிலேயே 64 பேர் மூட்டை கட்ட வேண்டும். ஒரு ஆட்டத்துக்காகவா மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள்?

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி 1895-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரப் போட்டியில் நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் ஜூலியஸ் முல்லர். நாட்டின் பெயராலேயே அது சுவிஸ் முறை. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் உங்கள் அளவு புள்ளி எடுத்தவரோடுதான் உங்களுக்கு ஆட்டம். ஒருமுறை மோதியவரோடு மறுபடி மோத வேண்டியதில்லை. ஜெயிக்க ஜெயிக்க எதிராளி கடுமையாவார். தோற்கத் தோற்க உங்கள் தரத்துக்கு வந்து சேர்வார்.

முதல் ரவுண்டில் யாரிடமும் புள்ளி கிடையாது. அதனால் ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, நடுவில் இரண்டாக வெட்டி, மேல்பாதியையும் கீழ்பாதியையும் எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். 1-க்கு 65, 2-க்கு 66, கடைசியாக 64-க்கு 128. ரேட்டிங் இல்லாதவர்கள் கடைசியில் பெயரின் அகரவரிசைப்படி வருவார்கள். உசிலம்பட்டிப் பையனின் பெயர் 'அ'வில் தொடங்குகிறது. ரேட்டிங் இல்லாதவர்களில் முதல் ஆளாக, கீழ்பாதியின் தலைமாட்டில் வந்து நின்றான். முதல் மேசை கிடைத்தது அதனால்தான்.

ஏன் பாதியாக வெட்ட வேண்டும், பக்கத்துப் பக்கத்து ஆட்களை மோதவிட்டால் என்ன என்று தோன்றும். இந்த வெட்டின் அழகு போகப் போகத்தான் தெரியும். பலசாலியே ஜெயிப்பார் என்று வைத்தால், முதல் இடத்துக்காரருக்கு இரண்டாம் ரவுண்டில் 33-ஆம் ஆள் வருவார். அப்புறம் 17, 9, 5, 3. ஏழாம் ரவுண்டில்தான் இரண்டாம் இடத்துக்காரர். ஃபைனல் என்று யாரும் அறிவிக்காமலே, கடைசி ரவுண்டில் முதல் மேசையில் ஃபைனல் நடக்கும்.

வெள்ளை, கறுப்பு கணக்கும் கூடவே ஓடும். முதலில் நகர்த்தும் வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. அதனால் ஒரே நிறம் மூன்று முறை தொடர்ந்து வராமல் பார்ப்பார்கள். கடைசி ரவுண்டில் மட்டும் சில சமயம் விலக்கு உண்டு. நம்மூர் ஆடுபுலி ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் பெரிது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆடுபுலிக்குப் போட்டி வைப்பவர்கள் ஒரு ஜோடியை இரண்டு ஆட்டம் ஆடவிட்டு, புலியையும் ஆட்டையும் மாற்றிக் கொடுப்பதுதான் முறை என்பேன்.

இனி புள்ளிகளுக்கு வருவோம். டிராவே இல்லை என்று வையுங்கள். முதல் ரவுண்டு முடிந்ததும் 64 பேரிடம் ஒரு புள்ளி, 64 பேரிடம் பூஜ்யம். அடுத்து 32, 64, 32. அதற்கடுத்து 16, 48, 48, 16. ஏழாவது முடியும்போது 1, 7, 21, 35, 35, 21, 7, 1. பள்ளிக்கூடத்தில் பார்த்த பாஸ்கல் முக்கோணத்தின் ஒரு வரிசை அப்படியே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்! ஏழுக்கு ஏழு எடுத்தவர் ஒரே ஒருவர். ஏழு ரவுண்டு வைப்பதும் அதற்காகத்தான்: இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128.

ஆனால் ஆறு புள்ளியில் ஏழு பேர் நிற்கிறார்கள், நாலு புள்ளியில் 35 பேர். இவர்களை எப்படிப் பிரிப்பது? முழுசாகப் பிரிக்கவே முடியாது என்பதைக் கணக்கே காட்டிவிடும். 128 பேரை வரிசையில் நிறுத்த எத்தனை வழி என்று பார்த்தால் 216 இலக்கம் கொண்ட எண் வரும். ஓர் ஆட்டம் "இவரா, அவரா" என்ற ஒரு கேள்விக்குத்தான் பதில் தருகிறது. அது சாத்தியங்களை மிஞ்சிப்போனால் பாதியாகக் குறைக்கும். பாதி பாதியாக வெட்டி ஒரே வரிசைக்கு வந்துசேர 717 ஆட்டமாவது வேண்டும். ஏழு ரவுண்டில் நடப்பது 448. ஆகவே சுவிஸ் முறை உச்சியைத் துல்லியமாகக் காட்டும், நடுப்பகுதியைக் குத்துமதிப்பாகத்தான் காட்டும். 41-ஆம் இடம் வந்தான், 58-ஆம் இடம் வந்தான் என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்வேன். அந்த வித்தியாசத்தை அளக்கும் அளவு ஆட்டமே அங்கே நடக்கவில்லை.

இருந்தாலும் அடுத்தடுத்த கோப்பைகளை யாருக்காவது கொடுத்தாக வேண்டுமே. அதற்குத்தான் சமப் புள்ளிக்காரர்களைப் பிரிக்கும் டை-பிரேக். அதிகம் புழங்குவது 1932-இல் வந்த புக்ஹோல்ஸ் முறை: நீங்கள் மோதிய ஏழு பேரும் கடைசியில் எடுத்த புள்ளிகளைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் ரவுண்டில் தோற்றுவிட்டுக் கீழிருந்து ஏறி ஆறு எடுத்தவர் பெரும்பாலும் லேசான ஆட்களைத் தாண்டி வந்திருப்பார். கடைசி ரவுண்டில் மட்டும் தோற்று ஆறு எடுத்தவர் பலசாலிகளுக்கு நடுவிலேயே ஆடியிருப்பார். கூட்டுத்தொகை அதைச் சொல்லிவிடும். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடும் சுவிஸ் முறைதான், 11 ரவுண்டு. அங்கே மோதுவது அணிகள், ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி. ஓபன் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளி. தங்கம் யாருக்கு என்று டை-பிரேக்தான் முடிவு செய்தது. உஸ்பெகிஸ்தான் எடுத்துப் போனது.

இத்தனை கணக்கும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது. இன்னொரு போட்டியில், மூன்றாம் ரவுண்டின் ஒரு சீட்டை நான் மாற்றிப் பதிந்துவிட்டேன், ஜெயித்த பிள்ளைக்கு பூஜ்யம். நாலாம் ரவுண்டுக் கடிகாரங்களைத் தட்டிவிடுவதற்குச் சற்று முன்புதான் தெரிந்தது. இரண்டு பேரை மட்டும் இடம் மாற்றினால் தீராது. அந்த இரண்டு புள்ளிக் குழுக்களின் வரிசையே நகர்ந்துவிடும். புதிதாகத் தாள் எடுத்து ஒட்ட, பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக மாறி உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து பதிந்த முடிவை இன்னொருவர் வாசிக்க, நான் சீட்டோடு சரிபார்த்த பிறகுதான் பேரிங் எடுக்கிறோம்.

உசிலம்பட்டிப் பையன் முதல் ரவுண்டில் தோற்றான். அடுத்தடுத்து அவன் தரத்து ஆட்கள் வந்தார்கள். கடைசியில் நாலு புள்ளி. தன் ஆட்டம் முடிந்ததும் அவன் முதல் மேசைக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். காலையில் அவனைத் தோற்கடித்தவர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கடிகாரத்திலும் ஒரு நிமிடத்துக்குக் கீழே. பையன் கைப்பிடிக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான். கை குலுக்கினார்கள், கடிகாரம் நின்றது. சத்தம் போடக் கூடாது என்பதால் வாசல் வரை நடந்து, அங்கிருந்து ஓடினான்.

"அப்பா, அந்த அண்ணே ஜெயிச்சிருச்சு! எனக்கு புக்ஹோல்ஸுல ஒண்ணு கூடிருச்சு!"