அட்டெஸ்ட்: பக்கத்தில் நின்ற மூன்றாவது ஆள்

"சார், அப்பா உயில் எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டார், அட்டெஸ்ட் மட்டும் பண்ணணும், ரெண்டு ஆள் பிடிச்சுத் தர முடியுமா?" என்று போன வாரம் ஒருவர் வந்தார். அப்பா எங்கே என்றால், ஊரில் இருக்கிறாராம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் அந்தச் சொல்லைக் கற்றதே ஜெராக்ஸ் கடை வாசலில்தான். மார்க் ஷீட் நகலோடு கெசட்டட் ஆபீசரைத் தேடி அலைவோம், அவரும் அசலைப் பார்த்தும் பார்க்காமலும் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போட்டு சீல் வைப்பார். இப்போது பல இடங்களில் நாமே போட்டுக்கொண்டால் போதும், செல்ஃப் அட்டெஸ்டட். அங்கே அதற்கு 'நகல் சரி' என்பதற்கு மேல் அர்த்தமில்லை.

உயிலில் கதை வேறு. லத்தீனில் டெஸ்டிஸ் என்றால் சாட்சி. இரண்டு பேர் விவகாரத்தில் மூன்றாவதாகப் பக்கத்தில் நின்றவர் என்பது அதன் வேர்ப்பொருள் என்கிறார்கள். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்டெஸ்ட் ஆங்கிலத்துக்கு வந்தது. டெஸ்டமென்ட், கான்டெஸ்ட், புரொடெஸ்ட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். (ஒரே வீட்டுப் பிள்ளைகள் கான்டெஸ்ட் பண்ணுவதைத்தான் கோர்ட்டில் தினமும் பார்க்கிறோமே.)

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவும் அந்தப் பக்கத்தில் நின்ற ஆளைத்தான் கேட்கிறது. குறைந்தது இரண்டு பேர். உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அப்புறம் அவர் கண்முன்னேயே தானும் போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை, உயிலில் என்ன இருக்கிறது என்று தெரியவும் வேண்டியதில்லை. தான பத்திரத்துக்கும் இரண்டு சாட்சி கட்டாயம்.

நான் நடத்திய ஒரு வழக்கில் ஒரு சாட்சி இறந்துவிட்டார், மற்றவர் கூண்டில் ஏறி, "கடையில கொண்டுவந்து கொடுத்தாங்க, போட்டேன், பெரியவரை அன்னிக்குப் பார்க்கவே இல்லை" என்றார். அத்தோடு உயில் போயிற்று. உயிலைப் பதிவு செய்துவிட்டோமே என்பார்கள் சிலர். பதிவு செய்திருந்தாலும், வரக்கூடிய சாட்சி ஒருவராவது உயிரோடு இருந்தால் கோர்ட்டுக்கு அழைத்தே ஆக வேண்டும். அதனால் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள்.

வந்தவரிடம், ஆள் பிடிக்க நான் வேண்டாம், தெருவில் தெரிந்த இரண்டு பேரை அப்பாவிடம் கூட்டிப்போங்கள், 'இது நான் போட்டதுதான்' என்று அவர் வாயால் சொல்லட்டும், பிறகு அங்கேயே அவர் எதிரில் போடட்டும் என்றேன். "அவ்வளவுதானா? ஃபீஸ் எவ்வளவு சார்?" என்றார்.