ஞானஸ்நானத் தொட்டிக்கு எதற்குப் பூட்டு?

இங்கிலாந்தின் பழைய ஊர்த் தேவாலயங்களில் ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பு எதிரெதிராக இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பூட்டைப் பிடுங்கிய தழும்பு அது.

இடைக்காலத்தில் ஈஸ்டருக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் புனிதப்படுத்திய நீரைத் தொட்டியிலேயே விட்டுவைப்பார்கள். சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும் என்பதால் உள்ளே ஈயத்தகடு. அடியில் ஒரு துளை, பழைய நீர் அதன் வழியே நேராக மண்ணுக்குள் இறங்கும். அந்த நீரைத் திருடிச் சூனியம் வைக்கிறார்கள் என்று, 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் தொட்டிகளை மூடிப் பூட்டச் சொன்னார். சூனியம் பலிக்கும் என்று நம்பாதவர் பூட்டு போடுவாரா?

விளிம்பில் குழி வெட்டி, இரும்புக் கொண்டியை நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். குழியில் ஈரம் இருந்தால் நீராவி கிளம்பி ஈயம் தெறிக்கும். ஈயம் இறுகும்போது சுமார் 3 சதவீதம் சுருங்கிவிடும், கொண்டி ஆடும். அதனால் ஆறியதும் மழுங்கிய உளியால் தட்டி இறுக்க வேண்டும். அப்புறம் துரு வேலையைத் தொடங்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும், கல் உள்ளிருந்தே பிளக்கும்.

முதலில் வெறும் பலகை மூடிகள்தான். 15ஆம் நூற்றாண்டில் அவை ஓக் மரக் கோபுரங்களாகவே வளர்ந்துவிட்டன. சஃபோக் மாவட்டத்தின் அஃபர்டு ஊரில் இருக்கும் மூடியின் உயரம் 18 அடி! இதை எப்படித் தூக்குவது? பொதுவாக, கூரையில் கப்பி, கயிற்றின் மறுமுனையில் எதிர் எடை. எடைகள் ஏறக்குறையச் சமம் என்றால் உராய்வை மட்டும் வென்றால் போதும். அஃபர்டு தச்சர்களின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும்: மேலடுக்கு அசையாமல் இருக்க, கீழடுக்கு மட்டும் அதன்மீது வழுக்கி ஏறும், பயணத்துக்கு எடுத்துப்போகும் மடக்கு டம்ளர் போல. தூக்க வேண்டிய எடையும் குறைகிறது, மேலே தேவைப்படும் இடமும் குறைகிறது.

சிக்கல் இரண்டு அடுக்குக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான். மழைக்காலத்தில் ஓக் பலகை நாருக்குக் குறுக்கே உப்பும், இடைவெளி குறைந்தால் இறுகும். அதிகமானாலோ சாயும். அகலமான மேசை இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கோணிக்கொண்டு இரு பக்கமும் கடித்துக்கொள்ளும். இந்த மூடியும் அப்படித்தான், எல்லாப் பக்கமும் ஒன்றாக ஏற வேண்டும்.

1644இல், தேவாலயங்களில் சிலைகள் கூடாது என்ற பியூரிட்டன் தரப்பிலிருந்து அவற்றை உடைக்க வந்த வில்லியம் டவுசிங், இந்த மூடியைப் போப்பாண்டவரின் மும்முடிக்கு ஒப்பிட்டு எழுதிவைத்தார், ஆனால் உடைக்கவில்லை. மூடியின் சிறு மாடங்களில் இப்போது சிலைகள் இல்லை. உச்சியில் பெலிகன் பறவை மட்டும் தன் குஞ்சுகளோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.