ஏறிய கோடு இறங்குகிறதா?

‘அப்பாவின் ஈசிஜியில் கோடு ஏறியிருக்கிறது, மாரடைப்பு என்றார்கள். எது ஏறுகிறது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இதயம் மின்துடிப்பால் இயங்குவதும், அதைப் பதிவுசெய்யும் ஈசிஜி முறைக்காக டச்சு விஞ்ஞானி ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றதும் தெரிந்த கதைதான். ஈசிஜி தாளில் சின்னக் கட்டம் ஒன்றின் உயரம் 1 மி.மீ., அதாவது 0.1 மில்லிவோல்ட். கூரான அலைக்கும் அதன் பின்னால் வரும் மேடான டி அலைக்கும் நடுவில் உள்ள துண்டுக்கு எஸ்டி என்று பெயர். இதய ரத்தக்குழாய் முழுசாக அடைபட்டால் இந்தத் துண்டு இரண்டு மூன்று கட்டம் மேலே போய் நிற்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: உண்மையில் பெரும்பாலும் எஸ்டி ஏறுவதில்லை, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஓடும் அடிக்கோடுதான் தாழ்கிறது! ரத்தம் கிடைக்காத செல்லில் ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, தீர்ந்துகொண்டே வரும். உடனே அந்தச் செல்லின் சுவரில் சில பொட்டாசியம் வாசல்கள் திறந்துகொள்ளும். பொட்டாசியம் வெளியே கசியக் கசிய, ஓய்வு நேரத்தில் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்க வேண்டிய செல்லால் அந்த அளவில் நிற்க முடியாது. பக்கத்துச் செல்கள் நலமாக இருப்பதால், இதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் ஓடுகிறது. அடிக்கோட்டைக் கீழே இழுப்பது அதுதான். ஆனால் ஈசிஜி கருவி மாறாத மின்னழுத்தத்தை வடிகட்டிவிடும். தாழ்ந்த கோட்டையே பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். அதனால் தாழாத எஸ்டி நம் கண்ணுக்கு ஏறியதாகத் தெரிகிறது. அடிபட்ட செல்களில் மின்துடிப்பு சீக்கிரம் முடிந்துவிடுவதும் எஸ்டியைக் கொஞ்சம் தூக்கும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். பலூன் வைத்து அடைப்பை விரிக்கலாம், இல்லையென்றால் ஊசி போட்டு அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கலாம். எதுவானாலும் அப்புறம் இன்னொரு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். ஊசி போட்டால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் எஸ்டியின் ஏற்றம் பாதிக்குமேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் செல்லுக்கு ரத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இறங்கவில்லையென்றால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி பலூன் சிகிச்சை செய்யச் சொல்லும் அறிகுறி அது.

சிலருக்குப் பெரிய குழாய் நன்றாகத் திறந்துவிடும், ஸ்டென்டும் பொருந்திவிடும்; எஸ்டி மட்டும் இறங்காது. நூலைவிட மெல்லிய நுண்குழாய்கள் வீங்கியும் கட்டிகளால் அடைபட்டும் கிடப்பதுதான் காரணம். இப்படிப்பட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பும் மரணமும் அதிகம். பெரிய குழாயைத் திறக்கும் கருவிகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது இந்த நுண்குழாய் ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. அவற்றை நம்பகமாகத் திறக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.