மழை வருமோ என்று டவுட்டாக இருக்கிறது

கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர், ஒரு நாள் காலையில் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: ‘பாஸ், ஐ டவுட் இட் வில் ரெயின்.’ வானம் ஒரு பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்ததாம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கேஸ்டிங், அதாவது காங்கிரீட் போடும் வேலை, தொடங்கினார்கள். மூன்றரைக்குக் கொட்டித் தீர்த்தது. அப்போதுதான் போட்டு மட்டம் செய்திருந்த காங்கிரீட்டின் மேல் சிமெண்ட் பால் கரைந்து ஓடியது. ‘காலையிலேயே சொன்னேனே’ என்று இவர் சொல்ல, ‘மழை வராது என்று நீதானே எழுதினாய்’ என்று அவர் போனைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தவர் இன்னும் கோபத்தில்தான் இருந்தார். “சந்தேகமா இருக்குன்னுதானே சார் போட்டேன்?”

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ‘மழை வருமோன்னு சந்தேகமா இருக்கு’ என்றால் தமிழில் மழை வரக்கூடும் என்று பொருள், குடையை எடுத்துக்கொள்வோம். ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் ஆங்கிலத்தில் மழை வராது என்றே நினைக்கிறேன் என்று பொருள், குடையை வீட்டில் வைத்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து போன்ற சில வட்டாரப் பேச்சில் மட்டும் இந்த வாக்கியத்துக்கு நம் அர்த்தம் உண்டு. அந்த மேற்பார்வையாளர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை, இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் பிறந்து வளர்ந்தவர்.

சிராங்கூன் சாலைப் பக்கம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும், வார நாட்களில் அலுவலகங்களிலும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இலக்கணப் பிழையால் வேலையிடத்தில் சண்டை வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ‘ஹி கோ’ என்றாலும் புரிந்துகொள்கிறார்கள். இலக்கணம் சரியாக இருந்து அர்த்தம் புரளும் இடத்தில்தான் வம்பு.

நம் ‘சந்தேகம்’ மூன்று வேலை செய்யும் சொல். வகுப்பில் புரியாததைக் கேட்பதும் சந்தேகம், நடக்குமா என்ற ஐயமும் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரர்மேல் வருவதும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவது கொஸ்டின், இரண்டாவது டவுட், மூன்றாவது சஸ்பிஷன். மூன்றுக்கும் டவுட்டையே போடுகிறோம். இந்தியா முழுக்க ‘சார், ஐ ஹேவ் எ டவுட்’ என்று கைதூக்கித்தான் வளர்ந்திருக்கிறோம், அங்கே யாருக்கும் அது உறுத்துவதில்லை. இங்கே ஒரு சீன அதிகாரியிடம் அவர் போட்ட லிஃப்டிங் பிளானை (கிரேனில் பாரம் தூக்கும் திட்டம்) காட்டி அப்படிச் சொன்னால், ‘என் கணக்கை நம்பவில்லையா?’ என்று அவர் முகம் மாறக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். ‘கேன் ஐ செக் சம்திங்?’ என்றால் இன்னும் இதம். மழைக்கு, ‘லுக்ஸ் லைக் இட் மைட் ரெயின்.’ ஒன்று நடக்கும் என்று தோன்றினால் டவுட் பக்கமே போகாதீர்கள், ‘ஐ திங்க்’கும் ‘மைட்’டும் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது, கேட்கும் விதம். தமிழர்கள் ஆங்கிலத்தில் அதட்டலாகப் பேசுகிறார்கள் என்று மனிதவளத் துறையினர் என்னிடம் குறைபட்டதுண்டு. அதட்டல் எதுவும் கிடையாது. ‘அந்தப் படத்தைக் கொஞ்சம் கொடுங்க’ என்பதில் மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது, ‘கொஞ்சம்’ வேறு கூடச் சேர்ந்திருக்கிறது. மனதுக்குள் மொழிபெயர்க்கும்போது ‘ங்க’ உதிர்ந்துபோய் ‘கிவ் மீ தி டிராயிங்’ மட்டும் வெளியே வருகிறது. பின்னால் ஒரு ப்ளீஸ் ஒட்டினாலும் அது ப்ளீஸ் ஒட்டிய கட்டளைதான். ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும்: ‘குட் யூ பாஸ் மீ தி டிராயிங்?’

‘குட் என்பது கேனின் இறந்தகாலம் ஆச்சே சார்?’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். ஆமாம், வடிவம் அதுதான். ஆனால் நாமும் இதைச் செய்கிறோம். கடன் கேட்கப் போனால் வாசலில் நின்று என்ன சொல்வோம்? ‘ஒண்ணுமில்லைண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேன்.’ இன்னும் கேட்கவே இல்லை, அதற்குள் ‘வந்தேன்’. ஓரடி பின்னால் நின்று பேசுகிறோம். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ’ என்பதும் அதே வாசற்படிப் பேச்சு. இப்படிச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு வரும், அதற்குப் பிறகு ‘குட்’டை மறப்பதில்லை.

சரி, முடியுமா முடியாதா என்று இங்கே கேட்கும் ‘கேன் ஆர் நாட்?’ தப்பா என்றால், கட்டுமானத் தளத்தில் தப்பே இல்லை. மலாயில் ‘போலே’ ஒரு சொல்லிலேயே கேள்வியையும் பதிலையும் முடிப்பதுபோல் இங்கே ‘கேன்’ முடிக்கும். 2000-இல் தொடங்கிய ஸ்பீக் குட் இங்கிலிஷ் இயக்கத்துக்குப் பிறகும் காப்பிக்கடையில் ‘கேன்’ அப்படியேதான் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போன் போட்டுத் தேதி மாற்றும்போதும், வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போதும் மட்டும் ‘குட் ஐ’ என்று தொடங்குங்கள். ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ வேண்டாம், நோட்டீஸ் வந்ததுபோல் இருக்கும்.

கடைசியாக, பணிவைவிட முக்கியமான ஒன்று. ‘சாப்பிடலையா?’ என்றால் நாம் ‘ஆமா, சாப்பிடலை’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் ‘ஆமா’ அது. உயரத்தில் வேலைக்கு ஏறுகிறவரிடம் ‘யூ டிட்ன்ட் செக் யுவர் ஹார்னஸ்?’, பாதுகாப்பு வாரைப் பார்க்கவில்லையா, என்று கேட்கிறார்கள். அவர் ‘யெஸ்’ என்கிறார். பார்க்கவில்லை என்று ஏறுகிறவர் ஒப்புக்கொள்கிறார், பார்த்தாயிற்று என்று கேட்டவர் எடுத்துக்கொள்கிறார். ‘உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ என்று பொருள்படும் ‘டு யூ மைண்ட்?’ கேள்வியிலும் இதே குழி உண்டு. நாம் சிரித்துக்கொண்டே ‘யெஸ், யெஸ்’ என்போம், அவர் காதில் அது ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று விழும். அதற்கு ‘ஷ்யூர், கோ அஹெட்’ என்றால் தீர்ந்தது. ஹார்னஸ் விஷயத்தில் அப்படி ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். யெஸ்ஸும் நோவும் இல்லாமல் முழு வாக்கியமாக, ‘ஐ ஹேவன்ட் செக்ட் யெட்’ என்று சொல்லிவிட்டு, ஏறாமல் கீழேயே நில்லுங்கள்.